‘ரத்து’க்கு எழுதிய வரி

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில், அழகுமலை கடித்த வடை பாதியோடு கையில் நின்றது. சட்டைப் பையில் கிடந்த போன் அதற்கு முன்பே நான்கு தடவை அதிர்ந்திருந்தது. எவனாவது ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருப்பான் என்று நிதானமாகத்தான் எடுத்துப் பார்த்தார்.

முதல் செய்தி: ‘உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது. பெல்ட் மிஷின், புதன் காலை ஆறு மணி, செவந்தி வயல், நான்கு ஏக்கர்.’ இரண்டாவது செய்தியில் இன்னொரு மிஷின்காரரிடம் போட்ட பதிவு ரத்து. மூன்றாவதிலும் ஒரு ரத்து. நான்காவது கொஞ்சம் மரியாதையாக இருந்தது: ‘ஒரே நாளில் மூன்று பதிவுகளை ரத்து செய்ததால் வெள்ளிக்கிழமை வரை உங்கள் எண்ணிலிருந்து புதிய பதிவு செய்ய இயலாது. நன்றி.’

அந்த நன்றியை அவர் இரண்டு தரம் படித்தார். முப்பது வருஷ வியாபாரத்தில் அவரை வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் உண்டு. நன்றி சொல்லிக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர் அதுவரை யாருமில்லை. அதிலும் அவர் எதையும் அமுக்கவே இல்லை. ஒரு கையில் வடை, ஒரு கையில் கிளாஸ்.

அழகுமலைக்குக் கடைவீதியில் விதை, சாக்கு வியாபாரம். அறுவடை சமயத்தில் சுற்றுவட்டார வயல்களுக்குக் கதிர் அறுக்கும் மிஷின் பேசி விடுவதும் அவர்தான். செவந்தி அவருடைய மனைவியின் தங்கை, புருஷன் சார்ஜாவில். ஊருக்குள் நாலு ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். அவள் வயல் கண்மாய்க்கரையை ஒட்டிய பள்ளம். டயர் மிஷினை இறக்கினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும், பெல்ட் மிஷின்தான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் முற்றிய கதிர் பாதிக்குமேல் படுத்துவிட்டது. வியாழக்கிழமை மழை என்று டிவியில் ஒரு அம்மா வரைபடத்தில் கையை வீசி வீசிச் சொல்லியாகிவிட்டது. படுத்த கதிர் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தால் வயலிலேயே முளைவிட்டுவிடும். அப்புறம் அதை ஆடுகூட யோசித்துத்தான் தின்னும். ஆக, புதன்கிழமை பெல்ட் மிஷின் வந்தால் நெல். வராவிட்டால் நாற்றங்கால்.

அமுக்கியது யார் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. வடையைத் தட்டில் வைத்தார்.

செவந்தியின் மகள் கலைமதி திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவள். என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் புரியும்படி சொல்ல அவளால் முடிந்ததில்லை. ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது, நமக்குப் பதிலாகப் பேசும், பதிவு போடும், விலை கேட்கும். அதன் கையில் கொஞ்சம் டூல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு டூலும் எதற்கு என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும், அந்த எழுதுகிற வேலைதான் தனக்கு என்பாள். டூல் என்றதும் அழகுமலைக்கு ஸ்பேனர் ஞாபகம் வந்தது. ஏஜென்ட் என்றதும் வீசா வாங்கித் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டோடு காணாமல் போன ஒருத்தன் ஞாபகம் வந்தது. இரண்டையும் அவளிடம் சொல்லவும் சொன்னார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது. அறுவடை மாதத்தில் நாள் பூராவும் போனைக் காதில் வைத்துக் காது சிவந்து போகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செவந்தி வீட்டில் கோழிக்குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், அவளும் அவர் போனிலேயே ஒன்றைச் செய்து கொடுத்தாள். முதலில் ஒரே ஒரு பதிவில் வைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னாள். எந்தப் பதிவு என்ற கேள்வியே எழவில்லை. சொந்த வீட்டு வயல் இருக்கும்போது அடுத்தவன் வயலில் ஏன் சோதனை.

எழுதத் தொடங்கும் முன் அவள் சொன்னதை, பின்னால் இரண்டு நாளும் அவர் நினைத்து நினைத்துப் பார்த்தார். “பெரியப்பா, அதுக்கு முன்ன பின்ன நம்மளத் தெரியாது. நாம டூலுக்குப் பக்கத்துல என்ன எழுதுறமோ அத மட்டும் படிச்சுத்தான் எத எடுக்குறதுன்னு முடிவு பண்ணும். நம்ம வீட்டுல பொறக்காத ஆளுக்குச் சொல்றாப்ல சொல்லுங்க.”

அவர் சொன்னார். ‘விலை கேள்’ என்ற டூலுக்கு: முதலில் சொல்லும் விலை விலையே அல்ல, அதைக் கேட்டு மயங்க வேண்டாம். ‘பதிவு செய்’ என்பதற்கு: நாள், நேரம், வயல், டயரா பெல்ட்டா என்று தெளிவாகக் கேட்டுப் போடவும். மூன்றாவது டூல் ‘ரத்து’. அதற்கு அவர் இலையில் கையை நிறுத்திக்கொண்டு, கல்வெட்டில் பொறிக்கச் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: எதிராளி விலையை இறக்க மறுத்தால் இதைப் போடவும். பத்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு இறங்கி வருவார். இரண்டு மூன்று தடவை போட்டாலும் தப்பில்லை.

கலைமதி தலைகூட நிமிராமல் தட்டினாள். வேறு யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஏங்க, இதைப் போட்டால் உண்மையிலேயே ரத்தாகிவிடாதா என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது. அழகுமலையின் அப்பா சேவுகன், சந்தையில் கயிறு விற்றவர். பேரம் படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து நடக்க வேண்டும், ஏழாவது அடிக்குள் பின்னாலிருந்து குரல் வரும் என்று அடி எண்ணிக் கற்றுக்கொண்டவர் அழகுமலை. செவந்தி பிறந்த வீடும் சந்தை வீடுதான். கலைமதிக்குப் பட்டுப்பாவாடை எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போன அன்று, அவள் அம்மா அவளை ஒரே கடையிலிருந்து நாலு தடவை வெளியே இழுத்து வந்து, நாலு தடவை உள்ளே கூட்டிப் போனாள். அஞ்சாவது தடவை பாவாடை பையில் வந்தது. இவர்கள் வீட்டில் வேண்டாம் என்பது பேச்சு முடிகிற இடமே அல்ல, சூடு பிடிக்கிற இடம்.

நம் வீட்டில் பிறக்காத ஆளுக்குச் சொல்வது போல் எழுத வேண்டும் என்று சொன்னவளும் அந்த வீட்டில்தான் பிறந்திருந்தாள்.

டீக்கடையிலிருந்தே அழகுமலை அவளைக் கூப்பிட்டார். அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, ஏஜென்ட் தன் வேலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பைப் படித்துச் சொன்னாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

‘6.02: பதிவு செய்த மிஷின்காரர் மணிக்கு 2,700 ரூபாய் என்கிறார். நூறு குறைக்கக் கேட்டேன், மறுத்தார். விவரத்தில் உள்ளபடி ரத்து செய்தேன். பத்து நிமிடம் காத்திருக்கிறேன். 6.12: அழைக்கவில்லை. வேறொரு பெல்ட் மிஷினைப் பதிவு செய்தேன். விலையை இறக்க மறுத்தார். ரத்து செய்தேன். காத்திருக்கிறேன். 6.40: மூன்றாவது மிஷின். மறுத்தார். ரத்து செய்தேன். 7.30: மூவரும் விரைவில் திரும்ப அழைப்பார்கள். காத்திருக்கிறேன்.’

“இப்பவும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு பெரியப்பா,” என்றாள்.

அழகுமலை பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரில் பட்டுக்கோட்டை பஸ் ஏறுகிற ஜனம், பலாப்பழக் கூடை, ஹாரன். ஒன்றும் காதில் விழவில்லை. அவரை அடித்துப்போட்டது நஷ்டமோ மழையோ அல்ல. எங்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நம்பி, மூன்று மனுஷர்கள் கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகூட அவர் பேச்சை அப்படி நம்பியதில்லை.

முதல் மிஷினின் சொந்தக்காரர் சவரியப்பன், ஆலங்குடிப் பக்கத்து ஆள். ஒன்பது அறுவடையாகப் பழக்கம். வருஷா வருஷம் அழகுமலை அவரிடம் மூன்று தடவை வேண்டாம் என்று போனை வைப்பார், மூன்று தடவையும் அவர் கூப்பிடுவார். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை மாதிரி. இந்த வருஷம் சவரியப்பன் தன் மிஷினை ஒரு செயலியில் சேர்த்திருந்தார். ரத்து விழுந்த அடுத்த நொடி, வரிசையில் காத்திருந்த பேராவூரணிக்காரருக்கு மிஷின் போய்விட்டது. மூன்று நாள் வேலை. லாரியில் ஏற்றி அனுப்பியும் ஆயிற்று. அழகுமலை போன் பண்ணியபோது சவரியப்பன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “போன்ல வேண்டாம்னா நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கூப்புட்ருவேன்ணே. எழுத்துல ரத்துன்னு போட்டுட்டீங்க. சரி, அண்ணனுக்கு நம்ம மேல என்னமோ வருத்தம்னு விட்டுட்டேன்.”

போனை வைத்த மறு நிமிஷம் செவந்தி கூப்பிட்டாள். மிஷின் காலையில் ஆறுக்கா ஏழுக்கா, டிரைவருக்கு இட்லி ஊற்ற வேண்டும் என்றாள்.

“ஆறு,” என்றார் அழகுமலை.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்குடி ரோட்டில் விட்டார்.

பாதி வழியில் கலைமதி மறுபடி கூப்பிட்டாள். ஏஜென்ட்டை நிறுத்திவிடவா என்று கேட்டாள். நிறுத்துவானேன், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தேவைப்படும், அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதாதா என்றார். அவர் சொன்ன வரி என்பதால் அதை முழுசாக அடிக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். என்ன சேர்ப்பது என்று அவள் கேட்டாள். எதிரே மணல் லாரி வந்துகொண்டிருந்தது. கவனமாகப் பார்த்துப் போடச் சொல்லு என்றார். அவளுக்கும் அந்த நேரம் ஆபீஸ் மீட்டிங். ‘இதை மிகவும் கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று கடைசியில் சேர்த்துவிட்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தாள்.

சவரியப்பன் வீட்டு வாசலில் தகரக் கொட்டகை. அதற்குள் அவருடைய இரண்டாவது பெல்ட் மிஷின் நின்றது. அதைப் பார்த்ததும் அழகுமலைக்கு உயிர் வந்தது, அடுத்த பேச்சில் போனது. அது வாடகைக்கு இல்லை. சவரியப்பனின் சொந்த வயல் ஆறு ஏக்கர் முற்றி நிற்கிறது, மழைக்கு முன்னால் புதன்கிழமை அறுக்கவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

அழகுமலை நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கோழிக்குழம்பு, டூல், சொன்ன வரி, அது காத்துக்கொண்டிருப்பது வரைக்கும். சவரியப்பன் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அப்புறம் மிஷினை ஒரு தரம் பார்த்தார். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை செவந்தி வயல், பன்னிரண்டுக்கு மேல் தன் வயல், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்றார். விலை என்று வந்தபோது பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்றார்.

“சரி,” என்றார் அழகுமலை.

சவரியப்பன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“என்னண்ணே சரிங்கிறீங்க.”

“சரி தம்பி. மூவாயிரத்து ஐந்நூறு.”

“அப்புடிச் சொல்லாதீங்கண்ணே. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. மூவாயிரம் குடுங்க.”

“சரி.”

சவரியப்பன் எழுந்துவிட்டார். வீட்டுக்குள் பார்த்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒடம்புக்கு ஒன்றுமில்லையே, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். எதிராளி இழுக்காத கயிற்றை எவ்வளவு நேரம் தனியாகப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவரே அவரோடு பேரம் பேசி, அவரே இறங்கி, கடைசியில் பழைய இரண்டாயிரத்து எழுநூறுக்கே வந்து நின்றார். ஓடுகிற மணிக்கணக்கு தெரிய வேண்டும் என்று தன் போனை எடுத்து, அழகுமலையின் நம்பருக்குத் தன் பக்கத்திலிருந்தே அந்தச் செயலியில் ஒரு பதிவையும் போட்டுக் கொடுத்தார். அவர் செய்தது நல்ல எண்ணத்தில்தான்.

புதன்கிழமை ஆறு மணிக்கு மிஷின் வயலில் இறங்கியது. டிரைவர் அய்யப்பன் இட்லி தின்றுவிட்டு ஏறினார். கண்மாய்க்கரையில் செவந்தி, அழகுமலை, நெல் அள்ள ஒரு டிராக்டர். படுத்த கதிரை எதிர்ப்பக்கமாகவே அறுக்க வேண்டியிருந்ததால் மிஷின் ஒவ்வொரு தடவையும் வெறுமனே திரும்பி வந்தது. அப்படியும் பத்தரை மணிக்கு மூன்று ஏக்கர் முடிந்தது. அழகுமலை அப்போதுதான் மூச்சை முழுசாக விட்டார். செவந்திக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், நெல் வீட்டில் இருந்தால் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று வைத்திருந்தார். தெற்கே வானம் மட்டும் கொஞ்சம் கறுத்து வந்தது. டிவி அம்மா வியாழன் என்றுதானே சொன்னார் என்று அதையும் பார்க்காத மாதிரி இருந்தார்.

கடைசி ஏக்கரைத் தொட்டதுமே மிஷின் நின்றது.

டீசலோ என்று நினைத்தார்கள். அய்யப்பன் கேபினில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முன்னால் இருக்கிற வெட்டுப் பட்டையை மேலே தூக்கினார். மிஷினை வரப்புப் பக்கம் திருப்பினார். அழகுமலை கையை ஆட்டியதும் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: “ரத்துன்னு வந்துருச்சுண்ணே. ஒங்க நம்பர்லருந்துதான். அடுத்து மொதலாளி வயலுக்குப் போகச் சொல்லுது.”

அழகுமலை போனை எடுத்தார். சவரியப்பனைக் கூப்பிட்டால் அவர் தன் வயலில் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கிறார் போல, போனே போகவில்லை. செவந்தி இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அழகுமலை செய்கிற காரியம்தானே இது.

“வானத்தப் பாத்தீகளா மச்சான்? இந்த நேரத்துலயா ஒங்க பேரம்?”

இல்லை செவந்தி என்று சொல்லவும் நேரமில்லை. மிஷின் நகர்ந்துகொண்டிருந்தது. அறுத்த தாளின்மேல் பெல்ட் ஏறி இறங்கிப் போவதை அவர் பார்த்தார். ஆயுசு பூராவும் எழுந்து நடந்தவர் அவர்தான். பின்னாலிருந்து கூப்பிட வேண்டியது மற்றவன் வேலை. ஒன்று, இரண்டு என்று அவர் மனசு தன்னாலே எண்ணியது. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. கண்மாய்க்கரையில் ஒரு கொக்கு கூடக் கத்தவில்லை. கூப்பிட வேண்டிய ஆள் தான்தான் என்பது ஒன்பதாவதில்தான் அவருக்குப் புரிந்தது.

ஓடினார். ஐம்பத்து மூன்று வயசு, சேற்றில். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

“வேணும் அய்யப்பா. மிஷின் வேணும். ரத்து கித்து ஒண்ணுங் கெடையாது. எனக்கு இந்த மிஷின் வேணும்.”

அய்யப்பன் இஞ்சினை அணைத்தார். ஒன்பது அறுவடையாக இந்த மனுஷர் வேண்டாம் என்று சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார். போனைப் பார்த்தார், ஒற்றைச் செருப்போடு நிற்கிறவரைப் பார்த்தார். மொதலாளி வாயால் சொன்னது பன்னிரண்டு மணி வரைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிஷினைத் திருப்பினார். இதற்குள் இருபது நிமிஷம் போயிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு முதல் துளி விழுந்தது. வியாழக்கிழமை மழை ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. டிராக்டர்மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டுவதற்குள் எல்லாரும் நனைந்தார்கள். கரையோரம் முப்பது சென்ட் அறுபடாமல் நின்றது. மற்றதெல்லாம் நெல்லாக வீடு சேர்ந்தது.

சவரியப்பனின் ஆறு ஏக்கரில் மிஷின் இறங்கவே முடியவில்லை.

சாயங்காலம் அவர்தான் போன் செய்தார். அழகுமலை போனை எடுப்பதற்கு முன் நாலு தடவை மணி அடிக்க விட்டார். சவரியப்பன் தன் வயலைப் பற்றிப் பேசவில்லை. “ஒங்க கொழுந்தியா நெல்லு வீடு சேந்துச்சாண்ணே,” என்று கேட்டார். சேர்ந்தது என்றார் அழகுமலை. ஒங்க நெல் என்று கேட்டதற்கு, பாதி சாய்ந்துவிட்டது, நாளைக்கு வெயில் அடித்தால் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். தன் மேல் இத்தனை கோபப்பட நியாயம் உள்ள மனுஷன் கோபப்படாமல் வைத்துவிட்டால், கையில் இருக்கிற போனை என்ன செய்வது என்றுகூடத் தெரியாமல் போகிறது.

மறுநாளும் வெயில் அடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை, வெளியே தூறல், செவந்தி வீட்டுக் கூடத்தில் நெல்லைப் பரப்பிக் காத்தாடி போட்டிருந்தார்கள். நடந்தது முழுவதையும் அழகுமலை சொல்லி முடித்திருந்தார். செவந்தி முழுசாகக் கேட்டாள். பிறகு மகளைப் பார்த்து, அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படிக்கச் சொன்னாள்.

கலைமதி படித்தாள். ‘புதன் 10.34: புதிய பதிவு ஒன்று உள்ளது. விலை 2,700. காலையிலிருந்து நூறு குறைக்கக் கேட்கிறேன். பதில் இல்லை. ரத்து என்பதை மிகவும் கவனமாகப் பயன்படுத்தச் சொல்லியிருப்பதால், விலையை இருமுறை சரிபார்த்து, டிரைவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு ரத்து செய்தேன். அவர் திரும்ப அழைப்பார். காத்திருக்கிறேன்.’

கவனமாக என்று எழுதினோம், அதுவும் கவனமாகத்தான் செய்திருக்கிறது. ரத்து செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் இரண்டு தடவையும் யாரும் எழுதவில்லை. கலைமதி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசம் முழுக்க ஊராருக்கு எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன், எங்கம்மா வயலுக்கு எழுதத் தெரியவில்லை என்று முணுமுணுத்தாள். நிறுத்தப் போனவளை அம்மா தடுத்தாள். நிறுத்தவேண்டாம், அது சொன்னதைக் கேட்கிற ஜென்மமாகத்தான் தெரிகிறது, சொல்கிறவர்கள்தான் சரியில்லை, நான் சொல்கிறேன் எழுது என்றாள்.

நெல்லைக் கையால் புரட்டிக்கொண்டே சொன்னாள். “இதப் போட்டா மிஷின் போயிரும். வேற ஆளுக்குக் குடுத்துருவாக. யாரும் திரும்பக் கூப்புட மாட்டாக. வெலயக் குறைக்கிறதுக்கு இதப் போடக் கூடாது.”

கலைமதி தட்டினாள். பிறகு கேட்டாள்: “எப்பப் போடணும்மா?”

“வயல்ல நெல்லு இல்லாதப்ப. அப்பவும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போடணும்.”

அழகுமலை தொண்டையைக் கனைத்தார். எல்லாம் சரிதான், ஆனால் எதிராளி ரொம்பவும் முறுக்கினால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று சின்னதாக ஒரு வரி கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். செவந்தி நிமிரவில்லை. முடியாது என்றாள். இரண்டாம் தரம் கேட்டார். அதற்கும் முடியாது என்றாள்.

அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூடத்தைத் தாண்டி வாசலைப் பார்த்து நடந்தார். ஐந்து, ஆறு, ஏழு. வாசற்படியில் கால் வைத்தார். பின்னால் நெல்லைப் புரட்டுகிற சத்தம், தட்டுகிற சத்தம், காத்தாடி. வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. சவரியப்பனின் ஆறு ஏக்கர் இருக்கிற திசையில் வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு தானாகவே திரும்பி வந்து, நெல்லை மிதிக்காமல் ஓரமாக உட்கார்ந்தார்.

“அந்த வரி வேணாத்தா,” என்றார் கலைமதியிடம். “அம்மா சொன்னத அப்புடியே வையி.”